கண்ணுக்குக் குளிர்ச்சியான சுவர்

என் வேலை என்னவென்று உறவினர்களுக்குச் சொல்லிப் புரியவைக்கிற முயற்சியை நான் கைவிட்டு ரொம்ப காலம் ஆகிறது. ஆரம்பத்தில் “கம்ப்யூட்டர்ல லைட்டிங்” என்று சொல்லிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் என்ற சொல் அவர்கள் காதில் விழவே இல்லை. லைட்டிங் மட்டும் விழுந்தது. அதன் பிறகு எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அம்மாவுக்குப் போன் வரும். சித்தி நேராகவே கேட்டாள்: “அக்கா, உம் பொண்ணு சீரியல் செட்டு போடுதாமே, நம்ம வீட்டு மஞ்சத்தண்ணிக்குக் கம்மியா போட்டுத் தரச் சொல்லேன். ஆமா, பொம்பளப் புள்ள ஏணியெல்லாம் ஏறுமா?”

ஏறாது என்று அம்மா சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். “அது பேக் பண்ற வேலைடீ” என்று ஒரு விளக்கத்தையும் சேர்த்தாள். நான் வீட்டில் நாள் முழுக்க முணுமுணுப்பது அந்த வார்த்தையைத்தான். விளைவு, நான் வேங்கிக்காலில் பேக்கரி வைத்திருப்பதாகக் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் செய்தி போய், முட்டை போடாத பிறந்தநாள் கேக் கேட்டு ஒருவர் போன் செய்தார். பெயர்கூட எழுத வேண்டுமாம்.

உண்மையில் நான் செய்வது இவ்வளவுதான். சென்னையில் இருக்கிற ஒரு நிறுவனம், இன்னும் கட்டாத அடுக்குமாடி வீடுகளைக் கட்டி முடித்ததுபோலக் காட்டுகிறது. வாங்க வருபவர் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுப்பார்கள். அவர் விரலால் தள்ளித் தள்ளி, ஒரு செங்கல்கூட வைக்காத வீட்டின் ஹாலிலிருந்து பால்கனிக்கு நடந்து போவார். அந்த வீட்டுக்குள் வெளிச்சம் கொண்டுவருவது என் பொறுப்பு. நிஜ வெளிச்சம் ஒழுங்காக ஓரிடத்தில் விழுந்து அங்கேயே கிடப்பதில்லை. ஜன்னல் வழியாக வந்து தரையில் மோதி, தரையிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து கூரைக்கு என்று எகிறிக்கொண்டே இருக்கும். மோதிய இடத்தின் நிறத்தையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகும். விரல் நகரும் ஒவ்வொரு கணமும் இதையெல்லாம் புதிதாகக் கணக்குப் போடு என்று அந்த டேப்லெட்டிடம் சொன்னால் அது சூடாகிக் கையைச் சுட்டுவிடும். அதனால் நாங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு, எந்தச் சுவரில் எந்த மூலையில் எவ்வளவு வெளிச்சம் என்று ஒரு படமாக்கி, அந்தச் சுவர் மேலேயே ஒட்டிவிடுவோம். அதற்குப் பெயர்தான் பேக். முதல் நாளே மாவாட்டி வைத்துவிட்டால் காலையில் எழுந்ததும் தோசை ஊற்றலாம் இல்லையா, அதேதான்.

ஒரே ஒரு சங்கடம், ஆட்டிய பிறகு எதையும் மாற்ற முடியாது. ஹாலில் ஒரு நாற்காலியை வைத்துப் பேக் செய்துவிட்டால், பிறகு நாற்காலியைத் தூக்கினாலும் அதன் நிழல் தரையிலேயே கிடக்கும். அதனால் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் நகரும், நகராது என்று பிரித்துக் குறிக்க வேண்டும். “சார், சோஃபா நகருமா நகராதா?” என்று கேட்டால் கட்டுமானக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். சூரியன் எந்தப் பக்கம் என்று கேட்டால், “எல்லா ரூம்லயும் காலை வெயில் வரணும் மேடம்” என்பார்கள். நான்கு திசைக்கும் தனித்தனிச் சூரியன் வைத்துச் செய்து கொடுத்திருக்கிறேன். ஜோசியர்கள்கூட இதுவரை குறை சொன்னதில்லை.

இவ்வளவு பெரிய சக்தியை வைத்துக்கொண்டு நான் குடியிருப்பது வேங்கிக்காலில், மாடி எடுக்காத எங்கள் சின்ன வீட்டில். முன்னறையில் நான் கணினியில் பொய் வெளிச்சம் செய்துகொண்டிருப்பேன். வடக்குப் பக்க அறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு அம்மா நிஜ வெளிச்சத்தில் ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பாள். அப்பா போன பிறகு வீட்டை நடத்தியதும் என்னைப் படிக்கவைத்ததும் அந்த மெஷின்தான். இப்போது நான் சம்பாதிக்கிறேனே, நிறுத்திக்கொள்ளேன் என்றால், “நீ சம்பாரிக்கறது உனக்கு” என்று வாயை அடைத்துவிடுவாள்.

வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் வெயில் நேராக அடிக்காது. நாள் முழுக்கச் சீராக ஒரு வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தில் துணியையும் நூல்கண்டையும் சேர்த்துப் பிடித்து நிறம் பார்ப்பதுதான் அம்மாவின் கௌரவம். டியூப்லைட்டை அவள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. “டியூப்லைட்ல எல்லா ஊதாவும் ஒரே ஊதா” என்பாள். டவுனில் தெருவுக்குத் தெரு டெய்லர் இருக்க, ஆட்டோ பிடித்து இவளிடம் ஆட்கள் வருவதற்குக் காரணம் ஒன்றுதான். இவள் போட்ட தையலில் நூல் எது, துணி எது என்று தெரியாது.

ஜன்னலுக்கு எதிரே இருந்தது காலி மனை. ஒருநாள் மனைக்குச் சொந்தக்காரர் வந்து நின்றார். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்பவர். நல்ல மனிதர். பிரச்சினையே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். வந்த அன்றே ஒரு பை மல்லாட்டையைக் கொடுத்து, அம்மாவைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, எனக்கு மாமாவாகிவிட்டார்.

“மூணு மாடி எடுக்கறோம் தங்கச்சி. ரெண்டோட நிறுத்திக்கலாம்னுதான் பாத்தேன். ரெண்டுல மலை பாதிதான் தெரியும்னு இஞ்சினீர் சொல்றாரு. தீபத்தன்னிக்கு நம்ம மொட்ட மாடியில நின்னே முழுசா கும்புடணும்ல?”

இந்த ஊரில் இதற்கு மறுபேச்சு கிடையாது. மலை தெரிய வேண்டும் என்று ஒருவர் மாடி எடுப்பார். அதனால் பின் வீட்டுக்காரருக்கு மலை தெரியாமல் போகும். அவர் இன்னும் ஒரு மாடி எடுப்பார். எங்கள் நகரம் திட்டமிட்டு வளர்வது இப்படித்தான்.

அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டிய வாரமே அம்மா, “ரூம்ல வெளிச்சம் கம்மியாயிடுச்சு” என்று ஆரம்பித்துவிட்டாள். பள்ளம் எப்படியம்மா வெளிச்சத்தை மறைக்கும் என்று கேட்டேன். முறைத்தாள். ஆனால் சுவர் எழும்பினால் மறைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒருவர் போனால் எதிரே வருபவர் ஒதுங்க வேண்டிய சந்து. வெளிச்சம் போனால் அவளால் நிறம் பார்க்க முடியாது. நிறம் பார்க்க முடியாவிட்டால் அவள் தைக்க மாட்டாள். தைக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும் அம்மாவை நான் பார்த்ததே இல்லை, பார்க்கும் தைரியமும் இல்லை.

சரி, ஊருக்கெல்லாம் பொய்யாகச் செய்கிற வேலையைச் சொந்த வீட்டுக்கு ஒருமுறை உண்மையாகச் செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். டேப் பிடித்து அளந்து எங்கள் வீட்டையும், வரைபடத்தைக் கேட்டு வாங்கி அவர் வீட்டையும் கணினியில் கட்டினேன். இந்த முறை ஒரே ஒரு சூரியன், அதுவும் அதன் இடத்திலேயே. நகரும் ஆட்களுக்கு எங்கள் கணக்கில் தனி ஏற்பாடு உண்டு. ஆள் மேல் வெளிச்சத்தை ஒட்டிவைத்தால் அவர் அதோடு நடந்து போய்விடுவார். அதனால் அறைக்குள் காற்றில் அங்கங்கே புள்ளி வைத்து, அந்தப் புள்ளிக்கு எந்தப் பக்கமிருந்து என்ன நிறத்தில் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று பதிந்துவைப்போம். ஆள் அந்தப் பக்கம் வந்தால் அந்தப் புள்ளியிடம் கேட்டுக்கொள்ளலாம். மெஷினுக்கு மேலே, அம்மா குனிந்தால் அவள் முகம் வருகிற உயரத்தில் ஒன்றை வைத்தேன்.

கணினி இரைந்து இரைந்து கணக்குப் போட்டது. மூன்று மாடி வந்த பிறகு அந்த அறை நடுப்பகலில் எப்படி இருக்கும் என்று காட்டியது. பொழுது சாய்ந்த பிறகு விளக்குப் போட மறந்த வீடு மாதிரி இருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் ஓடினேன்.

“மாமா, எங்க ரூமு இப்ப இப்படி இருக்குது. உங்க வீடு வந்துட்டா இப்படி ஆயிடும்.”

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “அடேங்கப்பா, இவ்ளோ நெழலு வருதா! சித்திரையில ஏசியே வேணாம் போல இருக்குதேமா. தங்கச்சி கிட்ட காட்டினியா?”

பாறை கொதிக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் வீட்டுக்குள் நிழல் விழுகிறது என்று புகார் கொண்டுபோன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். “வெயில் வேணாம் மாமா, வெளிச்சம்தான் வேணும்” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நேராக வந்து விழுவது, மோதி எகிறி வருவது என்று எங்கள் தொழிலில் பக்கம் பக்கமாக விளக்குகிறதைத் தமிழில் வெயில், வெளிச்சம் என்று இரண்டு சொல்லில் முடித்து வைத்திருக்கிறார்கள். மொழியை நினைத்துப் பெருமைப்பட நேரம் கிடைக்கவில்லை. “ரெண்டும் ஒன்னுதானமா” என்று சொல்லிவிட்டு மாமா அடுத்த விஷயத்துக்குப் போனார். “இதே மாதிரி நம்ம வீட்டு முகப்பையும் ஒன்னு போட்டுக் குடேன். மருமகப் புள்ளைக்கு வாட்ஸப்ல அனுப்பணும்.”

எங்கள் வெளிச்சத்தை மறைக்கப் போகிற வீட்டை நானே அழகாக வெளிச்சம் போட்டுக் காட்ட வேண்டும். செய்தேன். வேறு வழியில்லை, மாடியைக் குறைக்கச் சொல்ல முடியாது. அவர் மனை, அவர் மலை. ஆனால் படத்தைப் போடும்போது ஒரு வழி தெரிந்தது. அவர் வீட்டின் தெற்குச் சுவர்தான் எங்கள் ஜன்னலுக்கு எதிரே நிற்கப் போகிறது. எங்கள் வீடு குட்டை. அதற்கு மேலாக வருகிற வெயில் வருடத்தில் பல மாதம் அந்தச் சுவரில்தான் விழும். அந்தச் சுவர் வெள்ளையாக இருந்தால் அத்தனையும் எகிறி எங்கள் ஜன்னலுக்குள் வரும். சுவருக்கு வெள்ளை கொடுத்துப் பேக் செய்தேன். அறை பளிச்சென்று விடிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெறும் கணக்குக்காகக் கண் கலங்குகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனால் எங்கள் பக்கத்தில் வீடுகளுக்கு முகத்துக்கு மட்டும்தான் பவுடர் பூசுவார்கள். முன்பக்கம் ஆரஞ்சு, ரோஸ், தங்க பார்டர், சிங்கம், அன்னம் எல்லாம் இருக்கும். பக்கவாட்டில் வெறும் சிமென்ட். மாமாவும் அதையேதான் சொன்னார்.

“பக்கத்துச் சுவத்துக்கு யாருமா பெயின்ட்டு அடிப்பாங்க? அத யாரு பாக்கப் போறா?”

“மலை பாக்கும் மாமா” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. மாமா திரும்பித் தென்மேற்கே பார்த்தார். எங்கள் வீட்டுக்கு மேலே, கேபிள் ஒயர்களுக்குப் பின்னால், மலை நின்றுகொண்டிருந்தது. அந்தச் சுவர் மலையைப் பார்த்த சுவர் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அய்யோ, ஆமாம்மா. அடிச்சிடலாம்” என்றார். நான் சும்மா இருந்திருக்க வேண்டும். வெற்றி மயக்கத்தில், “வெள்ளையா அடிங்க மாமா, அம்மா கண்ணுக்கு நல்லா இருக்கும்” என்றும் சொல்லிவைத்தேன்.

வீடு எழும்பியது. சுவர் பூசி முடித்த நேரத்தில் ஆபீஸ் வேலையாகச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கினால், எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று மாடி உயரத்துக்குக் கிளிப்பச்சை. மாமா சந்தில் நின்று மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“வெள்ளைன்னு சொன்னேனே மாமா.”

“வெள்ள கண்ணக் கூசும்மா. பச்சதான் கண்ணுக்குக் குளிர்ச்சி. தங்கச்சிக்காகவே ஒரு கோட்டு ஜாஸ்தியா அடிக்கச் சொன்னேன்.”

உள்ளே போனேன். கூரை பச்சை. வெள்ளைத் துணி பச்சை. அம்மா நிமிர்ந்தால் அவள் நெற்றியும் மூக்கும் பச்சை. சுவரின் நிறம் அறைக்குள் இப்படிக் கசிந்து வருவதைப் படத்தில் கொண்டுவர எங்கள் ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். மாமா ஒரு கோட்டு ஜாஸ்தியில் சாதித்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, “எப்பிடி இருக்குது தங்கச்சி?” என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் கூசாமல், “குளுகுளுன்னு இருக்குதுண்ணே” என்றாள்.

அடுத்த சில வாரங்களுக்கு எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அந்தச் சுவர்தான் காரணம். அளவு தப்பியதா, சுவர். ஹூக் மாறியதா, சுவர். நான் அவளுக்குத் தாளம் போட்டேன். இவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் இருவரும் யாரையும் திட்டியதே இல்லை. பிறகு ஒருநாள், பல வருடமாக வருகிற டீச்சர் ஒருத்தர், தம்பி கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையோடு திரும்பி வந்தார். பாட்டில் பச்சை ரவிக்கை. கை ஓரத்திலும் கழுத்திலும் கறுப்பு நூல் வரிசையாகத் தெரிந்தது. “அக்கா, இது கறுப்பாச்சே” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மா ஜன்னலைக் காட்டினாள். “அந்தப் பச்ச எல்லாத்தையும் முழுங்குதும்மா. பிரிச்சு வேற போட்டுத் தரேன்.” டீச்சர் சுவரைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். அம்மா அன்று மதியம் சாப்பிடவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. மாமாவின் குளிர்ச்சியை அவர் கண்ணாலேயே பார்க்க வைக்க வேண்டும் என்று மறுபடி உட்கார்ந்தேன். சுவருக்கு அதே கிளிப்பச்சை, அதே ஜாஸ்தி. மெஷின் மேல் சிவப்பு, ஊதா, பாட்டில் பச்சை, கறுப்பு என்று நூல்கண்டுகளை அடுக்கிப் பேக் செய்தேன். சிவப்பு கறுப்பாகத் தெரிந்தது. ஊதாவும் அப்படியே. பாட்டில் பச்சை மட்டும் கறுப்புக்குப் பக்கத்தில் தனியாக, பளிச்சென்று நின்றது. அமைப்பில் ஏதோ கோளாறு என்று திரும்பச் செய்தேன். திரும்பவும் அதேதான் வந்தது. பச்சை வெளிச்சத்தில் பச்சைதான் முதலில் தெரியும் என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும். கோபத்தில் இருந்த எனக்கு அது இடைஞ்சலாகத்தான் பட்டது. அம்மா கடைக்குப் போன நேரத்தில் அந்த ரவிக்கையை எடுத்து ஜன்னலருகே பிடித்துப் பார்த்தேன். நூல் வேறு, துணி வேறு என்று நன்றாகவே தெரிந்தது. நமக்குத் தொழில் கண், அதனால்தான் தெரிகிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பாட்டில் பச்சையைப் படத்திலிருந்து எடுத்துவிட்டு, சிவப்பையும் ஊதாவையும் மட்டும் மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

மனிதர் ஆடிப்போய்விட்டார். “தங்கச்சி ஒரு வார்த்த சொல்லலையேமா. நல்லதுன்னு நெனச்சு பண்ணேனே” என்று பெயின்டருக்கு அப்போதே போன் போட்டார். மறுநாள் காலை வெள்ளை வாளியோடு ஆட்கள் சந்தில் வந்து இறங்கிவிட்டார்கள். நான் அறைக்குள் போய், தேர்தலில் ஜெயித்தவளைப்போல அறிவித்தேன்: “அம்மா, சுவரு இன்னிக்கு வெள்ளையாவுது.”

அம்மா மெஷினை நிறுத்தினாள். “வேணாம்னு சொல்லு.”

“ஏன்?”

“பச்சையே இருக்கட்டும். அண்ணன் ஆசையா அடிச்சது.”

“நேத்து வரைக்கும் அந்தச் சுவத்தத் திட்டினியேமா. டீச்சர் ரவிக்கைய பிரிச்சுட்டு உக்காந்திருக்க. வெள்ளையாயிட்டா உனக்கு முன்ன மாதிரி தெரியும்.” பிரித்துப் போட்டிருந்த ரவிக்கையையும், கறுப்பு, பாட்டில் பச்சை என்று இரண்டு நூல்கண்டுகளையும் எடுத்து அவள் மடியில் வைத்தேன். “இந்தா, இதுல எது கறுப்பு?”

அவள் அவற்றை ஜன்னல் பக்கம் கொண்டுபோகவில்லை. மூக்கு இடிக்கிற அளவுக்கு முகத்தருகே வைத்து ஒன்றைப் பார்த்தாள், பிறகு மற்றொன்றைப் பார்த்தாள். இரண்டையும் மடியிலேயே விட்டுவிட்டாள். பாட்டில் பச்சை தனியாகத் தெரிவதாகக் கணினி காட்டிய படம் சரிதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“எப்பலேர்ந்தும்மா?”

“அவரு பள்ளம் தோண்டறதுக்கு முன்னாடியே.” அவள் என்னைப் பார்க்கவில்லை. சந்தில் பெயின்டர்கள் வாளியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கும் சத்தம் கேட்டது. “மாடி வந்துச்சு, அதனாலன்னு நெனச்சுக்கிட்டேன். பச்ச அடிச்சாங்க, அதனாலன்னு சொல்லிக்கிட்டேன். சுவரு வெள்ளையாயி, அப்பவும் எனக்குத் தெரியலன்னா, நான் இன்னாடீ பண்ணுவேன்?”